இரண்டு உள்ளங்கை அகலம்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

ஆண்டு மலருக்கு டயரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வகுப்பு நண்பர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். 'நட்பின் மேன்மை', 'நேரத்தின் அருமை' என்றெல்லாம் தலைப்புகள் வரிசையில் நிற்க, உனக்கு ரப்பர்தானா கிடைத்தது என்று கேட்டார் ஒருவர். நியாயமான கேள்விதான். ஆனால் சென்ற ஐப்பசி மாதத்தில் என் உறக்கத்தைக் கெடுத்தது நட்புமன்று, நேரமுமன்று; பதினேழு அங்குல விட்டத்துச் சக்கரங்களில் மாட்டியிருந்த இரண்டு கறுப்பு வளையங்கள்தாம். வரலாற்று மாணவனுக்கு இயந்திரம் எதற்கு என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்தருள வேண்டுகிறேன். வரலாறும் நடுவில் வரும்.

எங்களிடம் உள்ளது யமாஹா ஆர்15 வண்டி. 2008இல் இந்தியாவில் அறிமுகமாகி, 2011இல் இரண்டாம் வடிவம் பெற்றதே, அந்த இரண்டாம் வடிவம். 150 சி.சி. அளவுதான், ஆனால் பந்தய வண்டியின் தோற்றம். ஓட்டுபவன் முன்னால் குனிந்து கிடக்க, பின்னால் அமர்பவர் ஒரு படி மேலே, பரண்மேல் உட்கார்ந்தது போல் இருக்க வேண்டும். இதை நான் விரும்பி வாங்கினேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். என் மாமா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகையில், "விற்றால் என்ன வரப்போகிறது, நீயே ஓட்டு" என்று சாவியைத் தந்துவிட்டுப் போனார். கல்லூரிக்கு நான் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிச் சைதாப்பேட்டையில் இறங்கி நந்தனத்துக்கு வருகிறவன். மாதச் சீட்டின் விலைக்கு இந்த வண்டி நான்கு நாள் ஓடாது. பிறகு வண்டி எதற்கு? அம்மாவுக்கு.

அம்மா குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் வார்டு உதவியாளராக இரவுப் பணி பார்க்கிறார். விடியற்காலை ஆறரைக்குப் பணி முடியும். நான் மேற்குத் தாம்பரம் முடிச்சூர் சாலையிலிருந்து கிளம்பி, ஜி.எஸ்.டி. சாலையில் சானடோரியம் தாண்டிக் குரோம்பேட்டை போய், அவரை ஏற்றிக்கொண்டு திரும்புவேன். இரவெல்லாம் நின்ற கால்களோடு, புடவையைச் செருகிக்கொண்டு, அந்தப் பரண்மேல் ஒருபக்கமாக ஏறி உட்காருவார். பந்தய வண்டியை வடிவமைத்த ஜப்பானியப் பொறியாளர்கள் இந்தக் காட்சியைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள்.

ஐப்பசியின் முதல் மழை பெய்த மறுநாள். சாலையில் கோடை முழுவதும் படிந்த எண்ணெயும் தூசும் நீரில் குழைந்து பளபளத்தன. சானடோரியம் அருகே முன்னால் சென்ற பேருந்து நின்றது. நான் வேகத்தைத் தணித்தேன். பின்சக்கரம் சாலையின் வெள்ளைக் கோட்டின்மேல் இருந்தது. ஒரு கணம், அரைக் கணம்கூட இல்லை, வண்டியின் பின்பாதி பக்கவாட்டில் ஒரு சாண் நகர்ந்து, பிறகு தானே நேரானது. அம்மாவின் கை என் தோளை இறுகப் பிடித்தது. வீடு வரும்வரை ஒரு சொல் பேசவில்லை. கதவைத் திறக்கும்போதுதான், "நாளையிலேர்ந்து ஷேர் ஆட்டோவிலேயே வந்துடறேன்ப்பா. உனக்கும் தூக்கம் மிச்சம்" என்றார்.

என் தூக்கத்துக்காகச் சொன்னதன்று அது என்பது இருவருக்கும் தெரியும்.

அன்று பகலில் டயரை உட்கார்ந்து ஆராய்ந்தேன். மெக்கானிக்குகள் 'பட்டன்' என்று சொல்வார்களே, அந்தப் புடைப்புகள் தேய்ந்திருந்தன. ஆனால் மொட்டை டயர் என்று சொல்லிவிட முடியாது. பள்ளங்களின் அடியில் சிறு சிறு மேடுகள் வார்த்திருப்பார்கள். டயரின் பக்கவாட்டில் 'டி.டபிள்யூ.ஐ.' என்னும் எழுத்துகள் அவை இருக்குமிடத்தைக் காட்டும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இருசக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டர் ஆழமாவது வேண்டும் என்கின்றன. காருக்கு அதன் இருமடங்கு. எங்கள் டயரில் அதற்கு மேலேயே மிச்சம் இருந்தது. சட்டப்படி குற்றமில்லாத டயர். பிறகு ஏன் வழுக்கியது?

விடை டயரிலேயே பொறித்திருந்தது. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள்: 3216. இது 2016ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் வார்த்த டயர் என்று பொருள். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. வண்டியோடு பிறந்த டயர் அது. மாமா ஓட்டியது கொஞ்சம். பிறகு மூன்று ஆண்டு வாசலில் உறை போட்டு நின்றது பெரும்பாலும். ரப்பர் தேய்வதால் மட்டும் கெடுவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் நம் ஊர் வெயிலும் சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். பழைய செருப்பின் அடிப்பாகம் போல் விறைத்திருந்தது. பக்கச் சுவரில் தலைமயிர் போன்ற வெடிப்புகள். தோழர்களே, உங்கள் வண்டியிலும் அந்த நான்கு இலக்கங்களை ஒருமுறை குனிந்து பாருங்கள். பட்டன் ஆழத்தைப் பார்ப்பவர் பலர். பிறந்த தேதியைப் பார்ப்பவர் சிலரே.

இயற்பியல் துறை விரிவுரையாளர் ஒருவரிடம் என் ஐயத்தைக் கொண்டுபோனேன். உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்ததன்று என்று பள்ளியில் படித்தோமே, அப்படியானால் அகல டயர், மென்மை டயர் என்றெல்லாம் ஏன் பேசுகிறார்கள் என்று கேட்டேன். அவர் மகிழ்ந்துபோனார். "அந்த விதி மரக்கட்டைக்கும் இரும்புக்கும் ஏறக்குறையச் சரி. ரப்பர் அதற்குக் கட்டுப்படாத பிள்ளை" என்றார். ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் தன்னை அழுத்தி நுழைத்துக்கொள்கிறது, அங்கே ஒட்டிக்கொள்கிறது, அமுங்கி விரியும்போது ஆற்றலை விழுங்கிப் பிடிமானம் தருகிறது. இறுகிப்போன ரப்பரால் அந்தப் பள்ளங்களுக்குள் நுழைய முடியாது. மேலே தார், இடையில் நீர்ப்படலம், அதன்மேல் விறைத்த ரப்பர் என்றால் என்ன ஆகும் என்பதை நான் சானடோரியத்தில் செய்முறையாகவே கண்டுவிட்டேன். பட்டன்களுக்கிடையிலுள்ள பள்ளங்கள் அழகுக்காக வெட்டியவையல்ல. அந்த நீரை வெளியே தள்ளும் வாய்க்கால்கள். அப்புறம் அவர் சொன்ன ஒன்றுதான் மனத்தில் தைத்தது: சக்கரம் ஒவ்வொன்றும் சாலையைத் தொடுவது ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். முன்னே ஒன்று, பின்னே ஒன்று. அம்மாவும் நானும் அந்த இரண்டு உள்ளங்கைகளின்மேல்தான் தினமும் வீடு திரும்புகிறோம்.

டயர் மாற்றுவது என்று முடிவாயிற்று. எந்த டயர்? இங்கேதான் மகாபாரதம் தொடங்கியது. முன்னும் பின்னும் சேர்த்து 6,500 ரூபாய் ஆகும் என்று தெரிந்ததும், ஆளுக்கொரு குறுக்குவழி சொன்னார்கள்.

ஒரு நண்பர் புதுப்பேட்டைக்குப் போகலாம், கழற்றிய டயர் கால் விலைக்குக் கிடைக்கும் என்றார். விபத்தில் சிக்கிய வண்டியின் டயரா, உள்ளே நூல் அறுந்ததா என்று வெளியே பார்த்து யார் சொல்ல முடியும்? இன்னொருவர் லாரிக்குச் செய்வதுபோல் புதுப் பட்டன் ஒட்டிவிடலாம் என்றார். நான்கு, ஆறு சக்கரங்களில் நிமிர்ந்தே உருளும் லாரிக்கு அது தகும். வளைவில் சாய்ந்து, டயரின் ஓரத்தில் எடையைத் தாங்கும் மோட்டார் சைக்கிளுக்கு ஒட்டுப்போட்ட தோல் ஆகாது. இவ்விரண்டையும் யோசிக்கவே நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது யோசனைதான் ஆசை காட்டியது. "பின்னாலே 140 போடுடா, வண்டி பார்க்கவே கம்பீரமாக இருக்கும்!" என் நண்பர்கள் பாதிப்பேர் இதைச் சொன்னார்கள். எங்கள் வண்டிக்கு ஆலை தந்த அளவு முன்னால் 90/80–17, பின்னால் 130/70 ஆர் 17. இந்த எண்கள் மந்திரமல்ல. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது. மூன்றாவது சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 130இல் 70 விழுக்காடு 91, 140இல் 98. ஆகப் பின்சக்கரம் 7 மில்லிமீட்டர் மேலெழும்பும். அம்மா ஏறவேண்டிய பரணும் 7 மில்லிமீட்டர் உயரும்! அது போகட்டும். 130க்கு என்று செய்த விளிம்பில் 140ஐத் திணித்தால் டயர் இருபுறமும் நெருக்குண்டு, அதன் முதுகு முட்டை போல் குவிந்துவிடும். அகலம் கூடியது போல் தெரியும். சாலையைத் தொடும் இடம் அந்த விகிதத்தில் கூடாது. வண்டி திரும்புவதும் கனக்கும். மூன்றாம் வடிவ ஆர்15 2018இல் வந்தபோது 140 அளவில் டயர் தந்தார்கள் என்றால், அந்த வண்டியின் சட்டத்தையும் சக்கரத்தையும் அதற்கேற்ப அமைத்துவிட்டுத் தந்தார்கள். அண்ணன் சட்டை பெரியது என்று தம்பி போட்டுக்கொண்டால் தம்பி பெரியவனாகிவிடுவானா?

அளவுக்குப் பின்னால் இன்னொரு குறிப்பும் உண்டு. எங்கள் முன் டயரில் 46 பி, பின் டயரில் 62 பி. எண் தாங்கும் எடையைக் குறிக்கும் அட்டவணை எண்: 46 என்றால் 170 கிலோ, 62 என்றால் 265 கிலோ. 'பி' என்ற எழுத்து மணிக்கு 150 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பது. ஜி.எஸ்.டி. சாலையில் காலை ஏழு மணிக்கு அந்த எழுத்தின் பாதியைக்கூட எட்ட முடியாது என்பதால் எழுத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எடையைப் பற்றி உண்டு. வண்டி ஏறத்தாழ 136 கிலோ, நான் 58, அம்மா 64. பின்னால் உயரத்தில் ஆள் அமரும்போது சுமையின் பெரும்பங்கு பின்சக்கரத்தின்மேல் விழுகிறது. மயிலிறகே ஆனாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதைத் தமிழ்ப் பாடத்தில் மனப்பாடம் செய்தவர்கள், டயரில் அந்த இரண்டு இலக்க எண்ணைக் குறைத்து வாங்கக் கூடாது.

இனி 'ஆர்' என்ற எழுத்து. இங்கேதான் வரலாறு வருகிறது. ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இலேயே காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார்; உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவர் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓடவேண்டும் என்று மீண்டும் அதைச் செய்தார். பிள்ளைக்காகத் தந்தை செய்தது. உலகம் முழுவதும் அதன்மேல் ஏறிக்கொண்டது. அந்தக் காலம்தொட்டு டயருக்குள் நூலடுக்குகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சாய்த்தே வைத்தார்கள். 1946இல் பிரான்சின் மிஷலின் நிறுவனம் நூல்களை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக, சக்கரத்தின் ஆரம்போல் ஓடவைத்து ரேடியல் டயருக்கு உரிமம் பெற்றது. சூடு குறைவு, தரையோடு பொருந்தும் தன்மை அதிகம். அதே 1946இல் நம் சென்னையில் திருவொற்றியூரில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பவர் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்குப் பலூன் செய்துகொண்டிருந்தார். அந்தப் பலூன் கொட்டகைதான் 1952இல் டயருக்குப் பட்டன் ரப்பர் செய்யத் தொடங்கி, அறுபதுகளில் டயரே செய்து, மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்ற பெயரின் மூன்று எழுத்துகளை டெண்டுல்கரின் மட்டைவரை கொண்டுபோனது.

சென்னையைச் சுற்றி இன்று டயர் ஆலைகளுக்குக் குறைவில்லை. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டினால் ஒரகடத்தில் அப்போலோ. திருப்பெரும்புதூர்ப் பக்கம் ஜே.கே.யும் சியட்டும். அங்கேயே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் திடலும் இருக்கிறது. ஞாயிறுகளில் அங்கே ஓடும் வண்டிகளைப் பார்த்துவிட்டு வந்த நண்பர் ஒருவர், பந்தயத்துக்கு ஏற்ற மென் ரப்பர் வெளிநாட்டு டயரை எனக்குப் பரிந்துரைத்தார். பிடிமானம் அபாரமாம். இருக்கலாம். ஆனால் மென்மை கூடக் கூடத் தேய்வும் கூடும். விலையோ அம்மா கட்டும் ஏலச்சீட்டின் இரண்டு மாதத் தவணை. அதற்கு நேர் எதிராக, கடையில் 'நாற்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும்' என்று காட்டிய மலிவான டயர் ஒன்று இருந்தது. ரேடியல் அன்று, பழைய குறுக்கு நூல் வகை. கெட்டி ரப்பர், நிறைய உழைக்கும் என்பதே அதன் பெருமை. உழைக்கும்தான். ஆனால் நான் எதிலிருந்து தப்ப நினைக்கிறேனோ அந்த விறைப்பைப் புதிதாகவே விலைகொடுத்து வாங்குவதாகும் அது. நாளெல்லாம் ஓடிச் சம்பாதிக்கும் உணவு விநியோகத் தோழர்களுக்கு வேறு கணக்கு இருக்கலாம். அவர்கள் ஒரு மாதத்தில் ஓடும் தூரத்தை நான் ஓர் ஆண்டில் ஓடமாட்டேன். தேய்ந்து தீர்வதற்குள் என் டயர் மூப்படைந்துவிடும். அப்படிப்பட்டவனுக்கு நீண்ட உழைப்பு எதற்கு? மழையில் பிடிமானம்தான் வேண்டும்.

ஆகவே பின்னால் அதே 130/70 ஆர் 17 ரேடியல், முன்னால் அதே 90/80–17, இரண்டும் நம் சென்னை நிறுவனத்தின் நடுத்தர ரகம் என்று முடிவு செய்தேன். பின்னால் ரேடியல், முன்னால் சாதாரண வகை என்ற கலப்பு ஆலையே தந்தது. அதைத் தலைகீழாக மாற்றினால்தான் ஆபத்து.

முடிவு செய்வது எளிது, வாங்குவது எளிதன்று. முதலில் போன கடையில் நான் கேட்ட டயரையே எடுத்துக் கொடுத்தார்கள். காகித உறைகூடப் பிரிக்கவில்லை. நான் உறையை விலக்கி அந்த நான்கு இலக்கங்களைத் தேடினேன். டயர் பிறந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது. "தம்பி, நிழல்ல இருந்த சரக்கு, ஒண்ணும் ஆகாது. 300 ரூபா குறைச்சுக்கறேன்" என்றார் கடைக்காரர். நிழலில் இருந்த டயர் வெயிலில் நின்றது போல் கெடாது என்பது உண்மைதான். ஆனால் நான்கு வயதை 300 ரூபாய்க்கு விற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு, வாங்க வேண்டிய கட்டாயம் எனக்கில்லை. வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன். பெருங்களத்தூரில் இன்னொரு கடையில் நான்கு மாதத்துச் சரக்கு கிடைத்தது. விலை ஒரு காசு குறையவில்லை.

பணம்? அம்மா தீபாவளிக்கு என்று வைத்திருந்ததில் பாதி. நான் மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிச் சேர்த்தது மீதி. "புடவை அடுத்த வருஷமும் கிடைக்கும்" என்றார். நான் மறுத்துப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

கடைப் பையன் பழையதைக் கழற்றிச் சோப்பு நீர் தடவிப் புதியதை ஏற்றினான். டயரின் பக்கவாட்டில் உருளும் திசையைக் காட்ட அம்புக்குறி உண்டு. நீரைத் தள்ளும் வாய்க்கால்கள் ஒரு திசைக்கென்றே வெட்டியவை. நான் கூடவே நின்று அம்பு முன்னோக்கி இருக்கிறதா என்று பார்த்தேன். காற்றழுத்தம் ஏற ஏற, டயரின் ஓரம் விளிம்பில் 'டப் டப்' என்று இருமுறை வெடித்தது போல் பொருந்தியது. டியூப் இல்லாத டயர் என்பதால் காற்று வாய்க்குழாயையும் அப்போதே மாற்றச் சொன்னேன். அற்ப விலை, ஆனால் பழைய குழாயின் ரப்பரும் டயரின் வயதுதானே.

"முதல் 150 கிலோமீட்டர் மெதுவாப் போ தம்பி, வழுக்கும்" என்றான். புது டயரின் மேற்பரப்பு மழமழப்பாக இருக்கும். சாலையில் கொஞ்சம் உரசிய பிறகுதான் அது தன் வேலையைத் தொடங்கும். அம்மாவை ஏற்றுமுன் நான் தனியாகவே அந்தத் தூரத்தை ஓட்டினேன். மாலை நேரங்களில் வேளச்சேரி சாலையில் மேடவாக்கம் வரை, மறுநாள் வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில், இன்னொரு நாள் பல்லாவரம் வரை. ஒவ்வொரு நாளும் வளைவுகளில் சிறிது சிறிதாகச் சாய்த்து, டயரின் ஓரங்களையும் சாலைக்கு அறிமுகம் செய்தேன். அந்த நான்கு நாளும் அம்மா ஷேர் ஆட்டோவில் வந்தார்.

ஐந்தாம் நாள் விடியலில் கனமழை. முடிச்சூர்க்காரர்களுக்கு மழை என்றால் 2015 டிசம்பர்தான் நினைவுக்கு வரும். அடையாறு பெருகித் தெருக்களில் படகு வந்ததைக் கண்டவர்கள் நாங்கள். அன்று பெய்தது அப்படியொன்றுமில்லை, சாலை நிறைய நீர் மட்டும்தான். மருத்துவமனை வாசலில் அம்மா குடையோடு நின்றார். வண்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். ஷேர் ஆட்டோ ஒன்றும் அருகில் வந்து நின்று ஆள் கூப்பிட்டது. குடையை மடக்கிவிட்டுப் பரண்மேல் ஏறினார்.

சானடோரியம் அருகே வழக்கம்போல் பேருந்து நின்றது. பிரேக்கைப் பிடித்தேன். வெள்ளைக் கோட்டின்மேல் சக்கரம் ஏறி இறங்கியது. வண்டி நேராகவே நின்றது. தோளில் அம்மாவின் கை இருந்தது, இறுக்கவில்லை. தாம்பரம் வருவதற்குள் அவர் என் முதுகில் சாய்ந்து உறங்கிவிட்டார். பந்தய வண்டியில் உறங்கலாகாது என்று அவரை எழுப்ப வேண்டியதாயிற்று.